டயருக்கு அடியில் ஓர் எலுமிச்சம்பழம்

பிள்ளையார்பட்டிக் கோயில் வாசலில் முகூர்த்த நாள் காலையில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், பூஜைக்குப் புது வண்டி ஒன்றாவது வந்து சேரும். ஹேண்டில்பாரில் மாலை, டேங்க்கில் சந்தனம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். தீபம் காட்டி முடிந்ததும் பையன் கிளட்சை மெல்ல விடுவான். பழம் நசுங்கும். டயரில் மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முடிகளில் சாறு தெறிக்கும். அப்பா பெருமூச்சு விடுவார்.

இரண்டு மூன்று வருஷத்தில் அந்த டயர் மொட்டையாகிவிடும். அப்போது கோயிலுக்கு யாரும் வருவதில்லை. தெரிந்தவர்களுக்குப் போன் போடுகிறார்கள். "காரைக்குடியில நம்பிக்கையான டயர் கடை எதுண்ணே?"

இந்தக் கேள்வியில் ஒரு விசித்திரம் இருக்கிறது. நல்ல டயர் எது என்று கேட்கவில்லை; நல்ல கடை எது என்று கேட்கிறார்கள். வெண்டைக்காய் வாங்கும்போது நாம் இப்படி விசாரிப்பதில்லை. நுனியை ஒடித்துப் பார்க்கிறோம், வாங்குகிறோம். விற்கிறவர் உத்தமரா என்பது நமக்கு வேண்டாத சங்கதி. டயரில் மட்டும் ஏன் பொருளை விட்டுவிட்டு ஆளைத் தேடுகிறோம்?

எனக்கு இந்தச் சந்தேகம் வந்தது 2024இல், விநாயகர் சதுர்த்திக்கு முந்தின வாரம். குன்றக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி வரும் வழியில் பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பஞ்சர் கடைக்குப் போனேன். டயரை லிவர் போட்டு நெம்பிய பையன் பாதியில் நிறுத்திவிட்டான்.

"அண்ணே, டியூப மாத்திப் பிரயோசனம் இல்ல. டயர் ஓரமெல்லாம் வெடிச்சுக் கிடக்கு பாருங்க."

"போன வருஷம்தானப்பா புதுசு போட்டேன்."

அவன் பதில் சொல்லவில்லை. சக்கரத்தைச் சுற்றினான், ஓரிடத்தில் ஈரத்துணியால் துடைத்தான். சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு எண்கள் தெரிந்தன. 1419.

"பத்தொன்பதாம் வருஷம் பதினாலாவது வாரம் செஞ்சதுண்ணே."

நான் வாங்கியது 2023 ஜூனில். அதாவது 'புது' டயர் என் வண்டியில் ஏறிய அன்றே அதற்கு நாலு வயது தாண்டிவிட்டது. விற்ற கடை எது என்பது இங்கே தேவையில்லை. கடைக்காரர் தெரிந்துதான் தந்தார் என்று சொல்லவும் என்னிடம் ஆதாரம் இல்லை. அவருக்கும் வந்த சரக்கு அப்படியே இருந்திருக்கலாம். என்னை உறுத்தியது வேறு. கண்ணெதிரே எழுதியிருந்ததை நான் படிக்காமல், அவர் முகத்தைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ரப்பருக்கும் மூப்பு உண்டு

மரத்திலிருந்து வடித்த ரப்பர் பாலைக் காயவைத்தால் கிடைப்பது வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்து நொறுங்கும். அதில் டயர் செய்ய முடியாது. சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் இரண்டு குணமும் போய்விடுகிறது என்று 1839இல் கண்டுபிடித்தார். நடந்தது என்ன என்பதை இடியாப்பத்தை வைத்து யோசிக்கலாம். ரப்பர் மூலக்கூறுகள் நீள நீளமான இழைகள். ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். கந்தகம் இழைக்கும் இழைக்கும் நடுவில் முடிச்சுப் போடுகிறது. இழுத்தால் நீளும், விட்டால் முடிச்சுகள் பழைய இடத்துக்கே இழுத்து வந்துவிடும். இதைக் 'கந்தகமேற்றல்' என்று சொல்லிக்கொள்வோம்.

முடிச்சு போடும் வேலை ஆலையோடு முடிந்துவிட்டால் நல்லதுதான். ஆனால் காற்றிலிருக்கும் ஆக்சிஜன் டயருக்குள் மெல்ல இறங்கி, சில இழைகளை அறுக்கிறது, வேண்டாத இடங்களில் புதிய முடிச்சுகளைப் போடுகிறது. ரப்பர் கெட்டிப்படுகிறது. ஆக்சிஜனின் தம்பியான ஓசோன் இன்னும் முரடு. ரப்பர் எங்கே இழுபட்டு நிற்கிறதோ அங்கே போய் வெட்டும். டயரின் பக்கச் சுவரில் தெரியும் மெல்லிய வெடிப்புகளில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. இதைத் தடுக்கவே டயர் செய்யும்போது மெழுகும் சில காப்புப் பொருட்களும் கலக்கிறார்கள். வண்டி ஓடும்போது டயர் நசுங்கி நிமிர, அவை மேற்பரப்புக்குக் கசிந்து வந்து போர்வை போலப் படிகின்றன. அடுக்கிலேயே கிடக்கும் டயருக்கு இந்தப் பிசைதல் இல்லை.

வெப்பம் எல்லாவற்றையும் முடுக்கிவிடும். பத்து டிகிரி கூடினால் இத்தகைய வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வேதியியலார் வைத்திருக்கும் கைக்கணக்கு. முப்பது டிகிரி அறையில் இருக்கும் டயரைவிட, நாற்பது டிகிரித் தகரக் கொட்டகையில் இருக்கும் டயர் இரண்டு மடங்கு வேகத்தில் கிழமாகும். பொறி பறக்கும் மோட்டார், வெல்டிங் பட்டறை பக்கத்தில் வைத்தால் ஓசோனும் சேரும். டயரைக் குளிர்ச்சியாக, இருட்டாக, உலர்வாக வைக்க வேண்டும். செட்டிநாட்டு வீட்டின் உள்ளறையைவிடப் பொருத்தமான டயர் கிடங்கு எனக்குத் தோன்றவில்லை. ஆச்சிகள் சம்மதிக்க மாட்டார்கள் என்பது வேறு.

ஆக, கறுப்பையும் பளபளப்பையும் பார்த்து வயது சொல்ல முடியாது. பாலிஷ் ஐந்து நிமிட வேலை. அந்த ரப்பர் மீசையும் சாட்சி ஆகாது. அது அச்சின் காற்றுத் துளைகளில் ரப்பர் பிதுங்கி உறைந்தது. சாலையில் தேயாத வரை பத்து வருஷமானாலும் அப்படியே நிற்கும். டயர் ஓடவில்லை என்றுதான் அது சொல்கிறது, எத்தனை நாளாக ஓடவில்லை என்று சொல்வதில்லை.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஒழுங்காக வைக்கப்பட்ட டயர் ஒரு வருஷம் கடையில் இருந்தது என்பதற்காக அதைத் தீட்டுப் பார்க்க வேண்டியதில்லை. ஐந்து வருஷத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதிக்கச் சொல்லும் டயர் நிறுவனங்கள் உண்டு. பத்து வருஷமானால் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் கழற்றிவிடச் சொல்கின்றன. நாலு வயதில் கடையை விட்டு இறங்கும் டயர், தன் நல்ல காலத்தைக் கடைக்காரரிடமே கழித்துவிட்டு வருகிறது.

இரண்டு வெற்றிலை

இதற்கு ஏன் இத்தனை கவலை? நூறு சிசி வண்டி சுமார் 110 கிலோ, ஓட்டுகிறவர் 70 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 180. பின்சக்கரத்தில் சுமார் 110 கிலோ இறங்குகிறது. டயரில் காற்று 28, 29 என்று மானி காட்டினால், அது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு கிலோவைத் தாங்கும் அழுத்தம். 110 கிலோவைத் தாங்க 55 சதுர சென்டிமீட்டர் தரையில் படிந்தாக வேண்டும். ஒரு நடுத்தர வெற்றிலையின் பரப்பு. முன்சக்கரத்தில் அதைவிடச் சின்ன வெற்றிலை.

அவ்வளவுதான் சாலையோடு உங்களுக்குள்ள உறவு. பிரேக் பிடிப்பதும் வளைவில் சாய்வதும் இந்த இரண்டு வெற்றிலைகளின் தயவில். காய்ந்த சாலையில் மொட்டை டயர் கூட ஓரளவு பிடிக்கும்; பந்தய வண்டிகளில் பள்ளமே இல்லாத டயர் போடுவது அதனால்தான். ஐப்பசி மழையில் கதை மாறுகிறது. ரப்பருக்கும் தாருக்கும் நடுவில் இருக்கும் தண்ணீரை வெளியே தள்ள வாய்க்கால் வேண்டும். டயரின் பள்ளங்கள் அந்த வாய்க்கால்கள். கண்மாய்க்கு மடை எப்படியோ அப்படி. கெட்டிப்பட்ட ரப்பரில் வாய்க்கால் ஆழமாக இருந்தும் பிடி குறையும். சாலையின் சின்னச் சின்ன மேடுபள்ளங்களுக்குள் நெளிந்து இறங்க மென்மை வேண்டும், அது அதனிடம் இல்லை. ஆகவே பள்ளம், வயது இரண்டையும் பார்க்க வேண்டும். முதலாவதை எல்லோரும் பார்க்கிறோம்.

எழுத்துக் கூட்டிப் படித்தல்

ஒரு டயரை முழுதாகப் படித்துவிடுவோம். நம் ஊர் வண்டிகளில் சாதாரணமாகக் காணும் பின் டயர் ஒன்றின் பக்கத்தில் இப்படி இருக்கும்: 80/100-18 54பி.

80 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 100 என்பது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. இங்கே முழுசாக 80 மில்லிமீட்டர். 18 என்பது உள்ளே இருக்கும் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் மூன்றையும் கலந்து வைத்த புண்ணியவான் யாரோ. 54 என்பது சுமைக் குறியீடு. 54 கிலோ என்று படித்துவிடாதீர்கள். அட்டவணையில் அதற்கு நேரே 212 கிலோ என்றிருக்கும். கடைசி எழுத்து பி, மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும் என்பதற்கு அடையாளம்.

இதை வைத்து ஒரு கணக்கும் போடலாம். 18 அங்குலம் சுமார் 457 மில்லிமீட்டர். மேலும் கீழும் 80 சேர்த்தால் டயரின் முழு விட்டம் 617. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.94 மீட்டர் நகரும். பிள்ளையார்பட்டியிலிருந்து காரைக்குடிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் என்று வைத்தால் ஆறாயிரத்துச் சொச்சம் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் அந்த வெற்றிலை ஒருமுறை நசுங்கி நிமிர்கிறது.

சுழலும் திசைக்கு ஓர் அம்புக்குறி பல டயர்களில் இருக்கும். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கும். இரு சக்கர, மூன்று சக்கர வண்டி டயருக்கான இந்தியத் தர நிர்ணயத்தின் எண் 15627. பள்ளத்தின் அடியில் சின்னத் திட்டுகள் இருக்கும், அவற்றின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் டயர் முடிந்தது. அப்புறம் அந்த நாலு எண்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2000க்கு முன் மூன்றே எண்கள் இருந்தன. பல டயர்களில் இந்த எண் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். கடைக்காரர் காட்டும் பக்கத்தில் இல்லையென்றால் புரட்டத்தான் வேண்டும்.

வெண்டைக்காய், பலாப்பழம், பல் வைத்தியம்

இனி ரப்பரை விட்டு மனிதர்களிடம் வருவோம். பிலிப் நெல்சன் என்ற பொருளியலாளர் 1970இல் சரக்குகளை இரண்டாகப் பிரித்தார். வாங்கும் முன்பே தரம் தெரிபவை ஒரு வகை. வெண்டைக்காய் போல. வாங்கிப் பயன்படுத்தினால்தான் தெரிபவை இன்னொரு வகை. பலாப்பழம் போல, அறுத்தால்தான் சுளையின் யோக்கியதை. மூன்று வருஷம் கழித்து மைக்கேல் டார்பி, எடி கார்னி இருவரும் மூன்றாவது வகையைச் சேர்த்தார்கள். வாங்கிய பிறகும், பயன்படுத்திய பிறகும்கூடத் தரம் தெரியாதவை. பல் வைத்தியர் "இதைப் பிடுங்கித்தான் ஆகணும்" என்றார், பிடுங்கினீர்கள், வலி போயிற்று. பிடுங்காமலே போயிருக்குமா? யாருக்கும் தெரியாது. இதை 'நம்பிக்கைச் சரக்கு' என்று அழைப்போம். பாடப் புத்தகங்களில் இதற்கு அடிக்கடி வரும் உதாரணம் வண்டி ரிப்பேர்.

டயர் கடையில் இந்த மூன்றும் ஒரே பில்லில் வருகின்றன. அளவும் விலையும் வெண்டைக்காய். எத்தனை கிலோமீட்டர் உழைக்கும் என்பது பலாப்பழம். "செயின் செட்டும் போயிருச்சு சார், சேர்த்து மாத்திருங்க" என்பது சுத்தமான பல் வைத்தியம். டயரின் வயதுதான் வேடிக்கையானது. எண்ணைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது வெண்டைக்காய். தெரியாதவருக்கு வெறும் நம்பிக்கைச் சரக்கு. பொருள் ஒன்றுதான்; வாங்குகிறவரைப் பொறுத்து வகை மாறிவிடுகிறது.

அமெரிக்க எலுமிச்சை

அமெரிக்கப் பேச்சுவழக்கில் வாங்கியபின் கழுத்தறுக்கும் மட்டமான காரை எலுமிச்சை என்பார்கள். நாம் திருஷ்டி கழிக்க வண்டிக்கு அடியில் வைப்பதை அவர்கள் வண்டிக்கே பெயராக வைத்துவிட்டார்கள். ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பே 'எலுமிச்சைகளின் சந்தை'. மூன்று ஆய்விதழ்கள் அதைத் திருப்பி அனுப்பின. அற்பமான விஷயம் என்றும் ஒரு காரணம் சொல்லப்பட்டது. 2001இல் அகர்லாஃபுக்கு நோபல் பரிசு வந்தது, மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் இருவரோடும் பகிர்ந்து.

அவர் சொன்னதை டயரில் போட்டுப் பார்க்கலாம். புது டயர் உங்களுக்கு 2,000 ரூபாய் பெறும், பழைய சரக்கு 1,200 பெறும். எது எது என்று தெரியவில்லை. நடுவாக 1,600 தருகிறேன் என்கிறீர்கள். புது டயரை 1,800க்கு வாங்கி வைத்திருக்கும் நேர்மையான கடைக்காரருக்கு அது நஷ்டம், அவர் ஒதுங்குகிறார். மிஞ்சுவது பழைய சரக்குக் கடை. அது தெரிந்ததும் நீங்கள் 1,200க்கு மேல் தர மாட்டீர்கள். கெட்டவர்கள் நல்லவர்களைத் துரத்தவில்லை. உங்கள் அறியாமைதான் துரத்தியது.

இந்தக் கட்டுரைக்கு நம்மூர் வாசனையும் உண்டு. அகர்லாஃப் 1967-68இல் தில்லியில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் இருந்தார். கடையில் வாங்கிய அரிசியில் வேண்டுமென்றே கலக்கப்பட்ட, அரிசி நிறத்திலேயே இருக்கும் கற்களை இந்தியக் குடும்பப் பெண்கள் பொறுக்கி எடுப்பதைக் கட்டுரையில் குறிப்பிட்டிருக்கிறார். முறத்தில் அரிசி புடைத்த நம் பாட்டிமார் பொருளியல் கோட்பாடு ஒன்றுக்குச் சான்றாக நின்றிருக்கிறார்கள்.

ஆறில் ஒருவர்

ஆனால் டயர் சந்தை முழுக்க எலுமிச்சையாகிவிடவில்லையே. நல்ல கடைகள் இருக்கின்றன, பிழைக்கின்றன. எப்படி? கடைக்காரர் இடத்தில் உட்கார்ந்து கணக்குப் போடுவோம். எண்கள் நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

பழைய டயரைப் புதிதென்று விற்றால் அவருக்குக் கூடுதலாக 500 ரூபாய் கிடைக்கும். எதிர்த்தட்டில் என்ன இருக்கிறது? நீங்கள் உள்ளூர்க்காரர். வீட்டில் இரண்டு வண்டி. பத்து வருஷத்தில் எட்டு டயர், ஒவ்வொன்றிலும் 200 ரூபாய் லாபம், ஆக 1,600. பஞ்சர், டியூப், ஆயில் என்று இன்னொரு 1,400. மொத்தம் 3,000 ரூபாய். நீங்கள் ஏமாந்ததைக் கண்டுபிடித்தால் இந்த 3,000 போய்விடும். 500க்காக 3,000ஐ இழக்க எந்தக் கடைக்காரருக்கும் பைத்தியமில்லை.

கண்டுபிடித்தால். பத்து வாடிக்கையாளரில் ஒருவருக்குத்தான் நாலு எண்ணைப் படிக்கத் தெரியும், அந்த ஒருவர் யார் என்று கடைக்காரருக்குத் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேரையும் ஏமாற்றினால் வரவு 5,000. கண்டுபிடித்த ஒருவர் போவதால் செலவு 3,000. ஏமாற்றுவது லாபம்! ஐந்து பேரில் ஒருவருக்குத் தெரியும் என்றால்? பத்தில் இருவர் போவார்கள், இழப்பு 6,000. இப்போது நேர்மையே லாபம். தராசு சமமாக நிற்கும் இடம் ஆறில் ஒருவர்.

இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்தது, மற்ற ஐந்து பேருக்கும் ஒன்றுமே தெரிய வேண்டாம் என்பது. அவர்கள் கடைக்காரரின் முகத்தைப் பார்த்தே வாங்கிக்கொண்டு போகலாம். விவரம் தெரிந்த சிலர் சந்தையில் இருந்தால் தெரியாதவர்களுக்கும் நியாயமான சரக்கு கிடைக்க வழி உண்டு என்பது பொருளியலில் நன்றாக ஆராயப்பட்ட விஷயம்.

கணக்கின் உயிர் அந்தப் பத்து வருஷத்தில் இருக்கிறது. ராபர்ட் ஆக்ஸல்ராட் 1980 வாக்கில் கணிப்பொறி நிரல்களுக்குள் ஒரு போட்டி வைத்தார். இருவர் திரும்பத் திரும்பச் சந்திக்கும்போது ஒத்துழைப்பதா, ஏய்ப்பதா என்பதே ஆட்டம். ஜெயித்தது அனடோல் ராப்போபோர்ட் அனுப்பிய மிகச் சிறிய நிரல்: முதலில் நல்லவனாக இரு, பிறகு எதிராளி போன முறை செய்ததையே நீயும் செய். இது வேலை செய்ய ஒரு நிபந்தனை, மறுபடி சந்திப்போம் என்பது இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆக்ஸல்ராட் அதை எதிர்காலத்தின் நிழல் என்றார். இன்றைய வியாபாரத்தின் மேல் நாளைய வியாபாரத்தின் நிழல் விழ வேண்டும். கோயிலுக்கு வந்த இடத்தில் டயர் வெடித்த வெளியூர்க்காரர் மேல் அந்த நிழல் விழுவதில்லை. அவருக்கு எதிர்த்தட்டில் இருப்பது சைபர்.

ஒன்பது கோயில்

உள்ளூர்க் கணக்கையும் இன்னொருவர் வந்து மாற்றிவிட முடியும்: டீக்கடையில் பேசுகிறவர். ஏமாந்தவர் தன்னோடு இரண்டு பேரைச் சேர்த்து இழுத்துக்கொண்டு போனால் இழப்பு 3,000 அல்ல, 9,000. அப்போது பதினெட்டில் ஒருவருக்கு விவரம் தெரிந்தாலே போதும். பேச்சு பரவப் பரவ, விவரமானவர்களின் தேவை குறைகிறது.

இந்த உத்தியை உலக அளவில் நடத்திக் காட்டிய ஊர்கள் நம்மைச் சுற்றித்தான் இருக்கின்றன. நகரத்தார் எனப்படும் செட்டியார்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் 'கொண்டுவிற்க'ப் போன காலத்தில், முதலாளி கானாடுகாத்தானிலோ தேவகோட்டையிலோ இருப்பார், பணம் ரங்கூனில் இருக்கும். நடுவில் கடல். கடையை நடத்தும் ஏஜெண்டுக்குப் பொதுவாக மூன்று வருஷத் தவணை. அவர் வரவைக் குறைத்து எழுதினால் முதலாளிக்கு எப்படித் தெரியும்? அகர்லாஃபின் கணக்குப்படி இந்த வியாபாரம் தொடங்கவே கூடாது.

தொடங்கியது, பல தலைமுறை நடந்தது. காரணங்களில் ஒன்று பிள்ளையார்பட்டியே. இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி என்று ஒன்பது நகரக் கோயில்கள். ஒவ்வொரு நகரத்தார் குடும்பமும் இதில் ஒன்றைச் சேர்ந்தது. ஒரு பையனின் கோயிலும் ஊரும் தெரிந்தால் அவன் அப்பச்சி யார், பெரியப்பா யாரிடம் வேலை பார்த்தார் என்பது வரை தெரிந்துவிடும். ரங்கூனில் செய்த தப்பு கடிதத்தில் ஏறி, கப்பலில் வந்து, கல்யாணப் பேச்சில் நிற்கும். பதினோராம் நூற்றாண்டில் மத்தியதரைக் கடலைச் சுற்றி வியாபாரம் செய்த மக்ரிபி யூத வணிகர்களிடமும் இதே ஏற்பாடு இருந்தது என்று அவர்களுடைய பழைய கடிதங்களைப் படித்து அவ்னர் கிரைஃப் என்ற ஆய்வாளர் காட்டினார். ஒருவரை ஏமாற்றிய ஏஜெண்டை மற்ற எவரும் வேலைக்கு வைக்க மாட்டார்கள்.

மலாயாவில் செட்டியார்கள் கடன் கொடுத்த தொழில்களில் ரப்பர்த் தோட்டமும் ஒன்று. நம் ஊர்க்காரர்களுக்கும் டயருக்கும் தொடர்பு இன்று நேற்று வந்ததில்லை.

ஏதென்ஸில் டாக்ஸி

நான் போட்ட கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. யார் விவரமானவர் என்று கடைக்காரருக்குத் தெரியாது என்று சொல்லியிருந்தேன். தெரிந்துவிட்டால்? விவரமானவருக்குப் புது டயர், மற்றவருக்குப் பழையது என்று பிரித்துக்கொடுக்கலாமே.

கிரேக்கத் தலைநகர் ஏதென்ஸில் இதைச் சோதித்தார்கள். 2013இல் வெளியான அந்த ஆய்வில், பயணிகள் போல ஆட்களை டாக்ஸியில் ஏற்றினார்கள். ஊர் தெரிந்தவர், ஊர் தெரியாத உள்நாட்டுக்காரர், வெளிநாட்டவர் என்று மூன்று வேஷம். வழி தெரியாதவர்களை ஓட்டுநர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். கட்டண விதிகள் தெரியாத வெளிநாட்டவரிடம் கூடுதல் கட்டணமும் சேர்ந்தது. எந்த அறியாமை தெரிகிறதோ அதற்குத் தக்க ஏமாற்று.

அமெரிக்காவில் இன்னொரு சோதனை. கார் ரிப்பேர் கடைகளுக்குப் போன் செய்து ஒரே வேலைக்கு விலை கேட்டார்கள். விலை பற்றி ஒன்றும் தெரியாதது போலப் பேசியபோது, ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதலாகச் சொன்னார்கள். "இவ்வளவு ஆகும்னு கேள்விப்பட்டேன்" என்று சந்தை விலையைச் சொல்லிக் கேட்டதும் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. ஒரே ஒரு வாக்கியம். ஸ்கூட்டியில் வந்து இறங்கும் பெண்களிடம் இதைச் சொல்லி வைத்திருக்கிறேன்.

கடைக்குள்

பஞ்சர் கடைப் பையன் சொன்ன மறுநாள் காரைக்குடிக்குப் போனேன். போவதற்கு முன் மூன்று கடைகளுக்குப் போன் போட்டு விலை கேட்டுவிட்டேன். "அளவு என்ன" என்று முதலில் கேட்ட கடையையும், "வாங்க சார், பார்த்துக்கலாம்" என்ற கடையையும் மனதில் தனித்தனியே குறித்துக்கொண்டேன்.

கடையைப் பற்றி நான் இப்போது பார்ப்பது கொஞ்சம்தான். சிரிப்பு, உபசாரம், மாட்டியிருக்கும் சாமி படம் எல்லாம் நல்ல கடைக்கும் மோசமான கடைக்கும் ஒரே செலவு, ஆகவே அவற்றிலிருந்து ஒன்றும் தெரியாது. மோசமான கடைக்குக் கட்டுப்படியாகாத செய்கை எது என்று பார்க்க வேண்டும். அகர்லாஃபோடு பரிசு பெற்ற ஸ்பென்ஸின் யோசனை இது. பில்லில் டயரின் வரிசை எண்ணை எழுதித் தருவது அப்படி ஒன்று. கோளாறு வந்தால் அந்தக் காகிதம் அவரையே தேடி வரும். பில் இல்லாமல் வாங்கினால் மிச்சமாகும் வரி கண்ணுக்குத் தெரியும், போகும் பிடி தெரியாது. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த டயருக்கான ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டதால் அந்த மிச்சமும் இப்போது சுருங்கிவிட்டது. கழற்றிய பழைய டயரை நம் கண்முன் வைப்பது, மாட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க விடுவது, "இன்னும் ஆறு மாசம் ஓடும், இப்ப மாத்த வேணாம்" என்று வந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்புவது, இவையும் அந்த ரகம். கடைசியாகச் சொன்னதை ஒரு கடையில் கேட்டால் நான் வேறு கடை தேட மாட்டேன்.

நான் போன கடையில் அவ்வளவு தூரம் நடக்கவில்லை. எண்ணைக் காட்டச் சொன்னேன். கடைக்காரர் ஒரு கணம் என்னைப் பார்த்தார், டயரைப் புரட்டினார். அந்த வருஷத்துச் சரக்கு, மூன்று மாதம்கூட ஆகவில்லை. மதுரை ரோட்டில் மேலூர் தாண்டினால் வரும் வெள்ளரிப்பட்டியில் இரு சக்கர வண்டி டயர் ஆலையே இருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் உள்ளவர்களுக்குப் பழைய சரக்கு விதி இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்து ஸ்டூலில் வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் தன் எக்ஸெல் வண்டிக்கு டயர் மாற்ற உட்கார்ந்திருந்தார். அவருக்கான டயர் ஏற்கனவே எடுத்து வெளியே வைக்கப்பட்டிருந்தது.

"என்ன தம்பி அதுல படிக்கிறீங்க?"

"செஞ்ச தேதிங்கய்யா. முதல் ரெண்டு நம்பர் வாரம், அடுத்த ரெண்டு வருஷம்."

"அப்படியா? எனக்கு வச்சிருக்கறதுல எங்க இருக்கு?"

குனிந்து தேடினேன். அந்தப் பக்கத்தில் இல்லை. புரட்டலாம் என்று கை வைப்பதற்குள் கடைக்காரர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"டேய், அய்யாவுக்கு இது வேணாம். மேலடுக்குல இருக்குல்ல, அதை எடுத்துட்டு வா."